பாவு நாளில் குடித்த டீ

அந்த வீட்டு மருமகள் உயிரோடு இருக்கிறாள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிழைத்தாளா செத்தாளா என்று உங்களைப் பதற வைத்துக் கதை சொல்ல எனக்கு வராது. வந்தாலும் இந்த விஷயத்தில் செய்ய மாட்டேன். அவள் பிழைத்துக்கொண்டாள். பிழைக்க வைத்தவன் நான்தான் என்று ஆரணியில் அந்தத் தெருவே சொல்லும். அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் நான் எழுந்து போய்விடுகிறேன். ஏன் என்பதை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

நான் புகைக்குழாய் சுத்தம் செய்கிறவன். முதலில் அரிசி மில்லில் இருந்தேன். நெல் அவிக்கும் பாய்லருக்கு மேலே நிற்கும் பெரிய சிம்னிக்குள் இறங்கிக் கரி சுரண்டும் வேலை. மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் அதை விட்டுவிட்டு வீடுகளுக்கு வந்தேன். சமையலறைச் சுவரில் மாட்டுகிற கரண்ட் சிம்னி, ஓட்டல் அடுப்பின் புகைக்கூண்டு, குளியலறை விறகு பாய்லரின் குழாய் எல்லாம் பார்ப்பேன். என்னைக் கரிக்காரர் என்பார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. ஒட்டடை அடிக்கிறவன் என்று எவனாவது சொன்னால் மட்டும் சுர்ரென்று ஏறும். ஒட்டடையை அடிக்காவிட்டால் வீடு அசிங்கமாக இருக்கும். புகைக்குழாயைச் சுத்தம் செய்யாவிட்டால் ஆள் போய்விடும். இரண்டும் ஒன்றா?

பட்டுக்காரர்கள் வீட்டில் சுவருக்குச் சுவர் கீசர் தொங்கினாலும் விறகு பாய்லரை எடுக்க மாட்டார்கள். கீசர் தண்ணீர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதாம். கரண்ட் போனால் என்ன செய்வது என்றும் கேட்பார்கள். அதில் நியாயம் உண்டு. மார்கழியில் இங்கே காலைக் குளிர் எலும்பில் ஏறும், வெந்நீர் இல்லாமல் முடியாது. ஆனால் அந்த பாய்லருக்குள் என்னென்ன போடுவார்கள் என்று எனக்குத்தான் தெரியும். தேங்காய் ஓடு, கடலைத்தோல், உடைந்த தறிக்கட்டை. பழைய டிசைன் வேண்டாமென்றால் தறிக்கு மேலே மாட்டுகிற ஓட்டை போட்ட ஜக்கார்டு அட்டைகளையும் போட்டு எரிப்பார்கள். அட்டை எரிந்தால் சாம்பல் தகடாகவே பறந்து குழாயின் வளைவில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒரு தகட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஓட்டைகள்கூட அப்படியே இருக்கும், ஊதினால்தான் உதிரும். அதன்மேல் ஈர விறகின் பிசின் வந்து படியும். முக்கால் குழாய் அடைத்துக்கொண்ட பிறகு, "தண்ணி சூடாவ மாட்டேங்குது, வெறகு நெறைய புடிக்குது" என்று எனக்குப் போன் வரும். வருஷத்துக்கு ஒருமுறை கூப்பிடுங்கள் என்று தொண்டை கிழியச் சொல்லியிருக்கிறேன். ஒருத்தர் கேட்டால் அதிசயம்.

இனி அந்தத் தெருவின் பழக்கத்தைச் சொல்ல வேண்டும். அது புரிந்தால்தான் மற்றது புரியும். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு நீட்டிக் கட்டி, கஞ்சி தெளித்து, சிக்கெடுத்து, காயவைத்துச் சுருட்டுவார்கள். அதுதான் பாவு போடுவது. விடியும்போது ஆரம்பித்து வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள் இடுப்பு உயரத்தில், இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு. அந்த நேரத்தில் ஒரு கரித்துகள் பறந்து வந்து சந்தனக் கலர் பட்டில் விழுந்தால் தொலைந்தது. துடைத்தால் கோடாக இழுக்கும், விட்டால் புள்ளியாக நிற்கும். அதனால் பாவு நாளில் அந்தத் தெருவில் யாரும் விறகு அடுப்பு பற்றவைக்க மாட்டார்கள். அதோடு, குழாய்க்குள் ஒட்டியிருக்கும் கரி காற்றில் பறக்காமல் இருக்க, முதல் நாள் சாயந்திரமே குழாய் வாயில் ஈரச் சாக்கைச் சுற்றி மேலே ஒரு குண்டானைக் கவிழ்த்துவிடுவார்கள். பாவு சுருட்டிய பிறகுதான் எடுப்பார்கள். இதை யாரும் யாருக்கும் சொல்லுவதில்லை. அந்தத் தெருவில் பிறந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கல்யாணமாகி வந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இவளுக்குத் தெரியாது. இவள் வேலூர்ப் பெண். அப்பா சம்பளக்காரர், வீட்டில் கேஸ் அடுப்பு, கீசர். பட்டு என்றால் கடையில் பார்த்த பட்டுதான். எம்.ஏ. படித்துவிட்டு இங்கே வந்து வாழ்க்கைப்பட்டாள். வந்த ஓரிரு மாதத்திலேயே தெருப் பிள்ளைகளைச் சாயந்திரம் கூட்டி வைத்து இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டாள். வாசலில் இருபது செருப்பாவது கிடக்கும். அந்தப் பக்கம் போகும்போது அவள் குரல் கணீரென்று தெருவுக்குக் கேட்கும்.

அவளுடைய மாமனார் ஊரில் பெரிய கை. முள்ளிப்பட்டு வரைக்கும் வீட்டுத் தறிகளுக்குப் பட்டு கொடுத்து நெய்து வாங்குகிறவர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது பெரியவர் இருக்கலாம். எனக்கும் தலை நரைத்து, கட்டிக்கொடுத்த பெண்ணும் இருக்கிறாள். அவருக்கு நான் எப்போதும் 'நீ'தான், 'டேய்' வராத வரைக்கும் நல்ல நாள். நான் எந்தக் காலனியிலிருந்து வருகிறேன் என்பது அவருக்குத் தெரியும். அவர் மறந்தாலும் நான் மறந்துவிடாதபடி பார்த்துக்கொள்வார்.

பாவு நாளுக்கு முந்தின நாள் அந்த வீட்டில் எனக்கு வேலை. வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஒரு சந்து. சந்தின் கோடியில் குளியலறை. விறகு பாய்லர் அந்த அறைக்குள்ளேயே இருக்கிறது, புகைக்குழாய் சுவரோடு ஏறி மொட்டை மாடிக்கு மேலே போகிறது. சந்தின் தெருப்பக்கத்தை ஆள் உயரச் சுவர் வைத்து அடைத்துவிட்டார்கள். அதனால் நான் எப்போதும் பின்பக்கத்து முடுக்கு வழியாக வந்து, கொல்லைக் கதவைத் தாண்டி, ஏணி வைத்து ஏறுவேன். கூடத்தில் கால் வைத்ததில்லை. கூடத்தில் பட்டு இருக்கிறது, நான் கரி. அந்த நியாயம் எனக்கும் புரிகிறது.

அன்றைக்கு இரண்டு மணி நேரம் சுரண்டி ஒரு சாக்கு நிறையக் கரி எடுத்தேன். ஒரு காகிதத்தைப் பற்றவைத்து பாய்லர் வாயில் காட்டினேன். தீ நாக்கை நீட்டி உள்ளே இழுத்துக்கொண்டு போனது. என் தொழிலில் அதைப் பார்ப்பது ஒரு சந்தோஷம். மருமகள் சந்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே பொக வராதாண்ணா?"

"வராதும்மா. பாதி வெறகுல தண்ணி கொதிக்கும். இத்தினி நாளு கதவ தெறந்து வெச்சிகினு கண்ண கசக்கிகினு இருந்தீங்களே, இனிமே சாத்திகினே குளிக்கலாம்."

நான்தான் சொன்னேன். என் வாய்தான்.

அவள் சிரித்துவிட்டு உள்ளே போய் டீ கொண்டு வந்தாள். வீட்டார் குடிக்கிற எவர்சில்வர் டம்ளரிலேயே கொண்டு வந்து சந்துப் படியில் வைத்தாள். "ஆறறதுக்குள்ள குடிச்சிடுங்கண்ணா" என்றாள். நான் கொல்லைக் குழாயில் கைகால் முகமெல்லாம் சோப்புப் போட்டுக் கழுவி, கொண்டு வந்திருந்த வேறு சட்டையை மாட்டிக்கொண்டு வந்தேன். அப்போது மாமனார் பின்கட்டு வாசலில் வந்து நின்றார். டீயைத் தொடுவதற்கு முன்னால் வேலை விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று அவரிடம் போனேன்.

"ஐயா, நாளிக்கு பாவு போடறீங்கன்னாங்க. கொழாய் வாய மூடறதா இருந்தா, அடுப்பாண்ட யாரும் போவாம பாத்துக்கோங்க. இல்லன்னா தகரத்துல ஒரு தொப்பி செஞ்சி மாட்டிடறேன். கரியும் பறக்காது, பொகையும் அடைக்காது."

"எங்க தெருவுல எப்ப இன்னா செய்யணும்னு நீ சொல்லிக் குடுக்கப் போறியா? எங்கப்பா காலத்துலேர்ந்து மூடிகினு இருக்கறோம். வந்த வேலைய பாத்துகினு போ."

சரி என்று சாக்கைத் தூக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் போனேன். கொல்லைக் கதவு பூட்டியிருந்தது. பூட்டின வேலையாள் சாவியோடு எங்கேயோ போய்விட்டான். திரும்பி வந்து, கரிச்சாக்கைச் சந்திலேயே விட்டுவிட்டு அப்புறம் எடுத்துக்கொள்கிறேன், கூடத்து வழியாகப் போகட்டுமா என்று கேட்டேன். குளித்தது போலத்தான் நின்றேன், மேலே ஒரு பொட்டுக் கரி கிடையாது.

அவர் தெருப்பக்கத்துச் சுவரைக் காட்டினார். "அதோ, ஏறிக் குதிச்சிப் போ."

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கீசர் ரிப்பேருக்கு வந்த ஆள், ஷூவைக்கூடக் கழற்றாமல், சேறு அப்பின காலோடு கூடத்தைத் தாண்டிப் போனான். "ஜாக்கிரதையா போங்க தம்பி, தரை வழுக்கும்" என்று இவர் வழியனுப்பினார்.

நான் சுவர் ஏறிக் குதித்தேன். இந்த வயதில். முட்டியில் தோல் வழன்றது. எதிர்வீட்டு வாசலில் இருந்த இரண்டு பெண்கள் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார்கள். டீ படியிலேயே இருந்தது. குழாயை மூடுவார்கள் என்று அந்தப் பெண்ணிடமும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மானம் போன ஆத்திரத்தில் எனக்கு எதுவும் தோன்றவில்லை.

மறுநாள் அதே தெருவில், அந்த வீட்டுக்கு நேர் எதிர்வீட்டில் வேலை ஒத்துக்கொண்டிருந்தேன். பாவு நாளில் கரி வேலை கூடாது, எண்ணெய் வேலை செய்யலாம். சமையலறைச் சிம்னியின் சல்லடைகளைக் கழற்றி மொட்டை மாடிக்குக் கொண்டு போய்ச் சோடா கலந்த கொதிநீரில் ஊறப்போட்டேன். அடைந்திருந்த எண்ணெய் மஞ்சள் மஞ்சளாகக் கழன்று மிதந்தது. கீழே தெருவில் பாவு நீட்டிக் கட்டியிருந்தார்கள். அந்த மாமனாருடைய பாவுதான், சந்தனக் கலர். அவர் நடுவில் நின்று கஞ்சி தெளித்துக்கொண்டிருந்தார். மாமியார் ஒரு முனையில். மகன், அவளுடைய புருஷன், மறு முனையில் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தான். தெரு ஆட்கள் பத்துப் பேர் சிக்கெடுத்தார்கள். கரண்ட் இல்லை, எந்த வீட்டிலும் கீசர் ஓடாது.

எதிர் மாடியைப் பார்த்தேன். என் புகைக்குழாயின் வாயில் சாக்கு, சாக்கின்மேல் குண்டான். நான் இரண்டு மணி நேரம் சுரண்டின குழாய். கீழே சந்தைப் பார்த்தேன். மாடியிலிருந்து பார்த்தால் அந்த அடைப்புச் சுவருக்கு மேலாகக் குளியலறை ஜன்னல் தெரியும். கண்ணாடிப் பட்டைகளின் இடுக்கிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

பார்த்த உடனே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. யாரோ பாய்லரைப் பற்றவைத்திருக்கிறார்கள். மேலே வழியில்லாமல் புகை அறைக்குள்ளேயே திரும்புகிறது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு விநாடி போதும், என் தொழிலே அதுதான்.

ஒரு சத்தம் கொடுத்திருந்தால் போதும். "அடுப்பு எரியுது, கதவத் தெறங்க" என்று நாலே வார்த்தை. மாமனார் எனக்கு நேர் கீழே நின்றார். நான் கூப்பிடவில்லை.

எரியட்டும் என்று நினைத்தேன். மறைப்பானேன், வாய்விட்டே சொன்னேன். "எரியட்டும். நல்லா கண்ணு எரியட்டும். அப்பதான் புத்தி வரும்." வீடு முழுக்கப் புகை அடித்து, கூடத்துச் சுவர் கறுத்து, அந்த ஆள் இருமிக்கொண்டே என்னிடம் வந்து நிற்க வேண்டும், நான்தான் நேற்றே சொன்னேனே ஐயா என்று நிதானமாகச் சொல்ல வேண்டும். அந்தக் காட்சி எனக்கு வெல்லமாக இனித்தது. அந்த வீட்டில் இருப்பது நாலு பேர். மூன்று பேர் தெருவில் என் கண்ணெதிரே நிற்கிறார்கள். உள்ளே இருப்பது யார் என்கிற கணக்கை நான் போடவில்லை என்று சொன்னால் பொய். போட்டேன். போட்டுவிட்டு, புகை வந்தால் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிடுவாள், படித்த பெண்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்போது எதிர்வீட்டம்மா மாடிக்கு டீ கொண்டு வந்தார். கண்ணாடி கிளாஸில் டீ, தட்டில் இரண்டு பிஸ்கட். நான் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து குடித்தேன். டீ சூடாக இருந்தது, ஊதி ஊதித்தான் குடிக்க முடிந்தது. பிஸ்கட்டை நனைத்துத் தின்றேன், ஒன்று கிளாஸுக்குள் ஒடிந்து விழுந்தது, அதையும் விரலால் எடுத்துத் தின்றேன். இடையிடையே அந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் வெளியே வரவில்லையே என்று ஒரு தரம் தோன்றியது. அடுத்த வாய் டீ குடித்தேன்.

கிளாஸ் காலியானபோது ஜன்னலில் புகை நின்றிருந்தது.

வேறு யாராக இருந்தாலும் புகை நின்றுவிட்டது, நல்லது என்று நினைத்திருப்பார்கள். நான் கிளாஸை வைத்துவிட்டு எழுந்தேன். புகை நல்லது. கண்ணை எரித்து, இருமவைத்து ஆளை வெளியே துரத்தும். விறகு எரிந்து கங்கான பிறகு வருகிற காற்றுதான் எமன். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. ஆளைத் தூங்க வைத்து அப்படியே கொண்டுபோய்விடும். மில்லில் ஒருத்தன் அப்படிப் போனதைப் பார்த்தவன் நான். புகை அடங்கிவிட்டது, தண்ணீரும் சுட்டுவிட்டது என்று அவள் கதவைச் சாத்திக்கொண்டு குளிக்க ஆரம்பித்திருப்பாள். சாத்திக்கொண்டே குளிக்கலாம் என்று கரிக்காரர் சொல்லியிருக்கிறாரே.

படியில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. தெருவுக்கு வந்தால் நடுவே பாவு. சுற்றிக்கொண்டு போக வேண்டுமென்றால் தெருமுனை வரைக்கும் போய்த் திரும்ப வேண்டும். நான் குனிந்து பாவுக்கு அடியில் புகுந்தேன். எண்ணெய்க் கையும் சோடாத் தண்ணீர் சொட்டுகிற சட்டையுமாகப் புகுந்ததில் பட்டு என் முதுகில் இழுபட்டது. தெருவே கத்தியது. மாமனார் பாய்ந்து வந்து என் கழுத்துச் சட்டையைப் பிடித்தார்.

"டேய், கண்ணு தெரியல? யாரக் கேட்டு உள்ள பூந்த?"

"ஐயா, குளிக்கிற ரூமு. அடுப்பு எரியுது. கொழாய் மூடியிருக்குது. மருமவப் பொண்ணு உள்ள இருக்குது."

அவருடைய கை சட்டையிலேயே இருந்தது. முகம் மட்டும் மாறியது. கஞ்சிக் கிண்ணத்தை அப்படியே போட்டுவிட்டு அவர் ஓட, நான் ஓட, மகன் பாவின் முனையைக் கைவிட்டு ஓடிவந்தான். பாவு தெருப் புழுதியில் விழுந்தது. அந்தக் கூடத்தை நான் முதன்முதலில் மிதித்தது அப்போதுதான்.

கதவை மகன் உதைத்துத் திறந்தான். உள்ளே நின்று பேசாதே, மூச்சை அடக்கிக்கொண்டு இழுத்து வா என்று நான் கத்தினேன். மாமியார் கையில் கிடைத்த துண்டையும் புடவையையும் அவள்மேல் போட, சந்தில் கொண்டுவந்து கிடத்தினார்கள். முகம் சிவந்து, தூங்குகிறவள் மாதிரி இருந்தாள். நான் மாடிக்கு ஏறி அந்தக் குண்டானைத் தூக்கி எறிந்தேன், சாக்கைப் பிடுங்கினேன். சாக்கு சூடாக இருந்தது. மேலிருந்து பார்த்தபோது மாமனார் மருமகளின் காலடியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தார். ஆம்புலன்ஸ் வந்து வேலூருக்குக் கொண்டு போனார்கள். எதிர்வீட்டம்மா ஆட்டோவில் கிளம்பினார். நானும் ஏறிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "எப்பண்ணா பாத்தீங்க?"

"பாத்த ஒடனே ஓடியாந்தேன்" என்றேன். யோசிக்கவேயில்லை, நாக்கில் தயாராக இருந்தது போல வந்து விழுந்தது. பக்கத்தில் நின்ற எதிர்வீட்டம்மா, "குடுத்த டீயக்கூட குடிக்காம ஓடினாரு பாவம்" என்றார். அந்த அம்மா டீயை வைத்துவிட்டுக் கீழே போய்விட்டவர். அவருக்கு என்ன தெரியும். நான் தலையைக் குனிந்துகொண்டேன், எல்லோரும் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். இவளிடமாவது இறக்கி வைக்கலாம் என்று நினைத்தேன். அவள் உலை வைத்துக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"பாத்துகினே இருந்தியா?"

"ஒரு டீ குடிக்கிற நேரம்."

"அந்தப் பொண்ணு உனக்கு இன்னா பண்ணுச்சி?"

நான் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டேன். அவளே, "வாய மூடிகினு கம்னு இரு. வெளிய சொன்னா ஒரு வூட்லயும் ஏத்த மாட்டாங்க" என்றாள். அன்றைக்கு எனக்குச் சோறு போட்டாள், ஆனால் எதிரில் உட்காரவில்லை.

மருமகள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். முன்வாசல் வழியாக, கூடத்தில் பாய் போட்டு உட்காரவைத்து, தாம்பாளத்தில் வேட்டியும் வெற்றிலைபாக்கும் வைத்தார்கள். தெருக்காரர்கள் பதினைந்து பேர் இருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் மாமனார் எழுந்து நின்றார். திட்டினால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் கைகூப்பினார்.

"தப்பு என்னுது. இவரு மொத நாளே படிச்சி படிச்சி சொன்னாரு, மூடாதீங்க, அடுப்பாண்ட போவாதீங்கன்னு. நான் கேக்கல. கேக்காததோட இல்ல, இவர செவுரு ஏறிக் குதிக்கச் சொன்னேன். என் கையாலதான் சாக்கச் சுத்தினேன். மருமவளாண்ட ஒரு வார்த்த சொல்லல. அப்படியும் இவரு மனசுல ஒண்ணும் வெச்சிக்காம ஓடியாந்து காப்பாத்திக் குடுத்தாரு. நீங்க என்ன மன்னிக்கணும்."

'நீங்க' என்றார். எத்தனை வருஷம் அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும். வந்தபோது அது எனக்கு வேண்டியிருக்கவில்லை. தெருவே பார்க்க அந்த மனுஷன் தன் தப்பை ஒப்புக்கொண்டார். திமிர் பிடித்தவர், ஆனால் சொல்லிவிட்டார். இப்போது நான் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். "பரவாயில்லைங்கய்யா, விடுங்க" என்றேன். வேட்டியை வாங்கிக்கொண்டேன். அந்த வேட்டியை இன்னும் பிரிக்கவில்லை.

அந்தப் பாவை முழுதாகத் தறியில் ஏற்ற முடியவில்லை. பட்டு போனால் போகிறது என்று அவர்கள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. தெருவில் எல்லாக் குழாய்களுக்கும் இப்போது நான் செய்து மாட்டின தகரத் தொப்பி இருக்கிறது. யாரும் சாக்குச் சுற்றுவதில்லை. வருஷம் தவறாமல் என்னைக் கூப்பிடுகிறார்கள். நான் கேட்டதெல்லாம் நடந்துவிட்டது, ஒன்றுகூட பாக்கியில்லை.

அவளுக்குத்தான் முழுதாகச் சரியாகவில்லை. நடக்கிறாள், சமைக்கிறாள், சிரிக்கிறாள். பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு வார்த்தை தொலைந்துவிடும். 'கரண்டி' என்று சொல்ல வேண்டிய இடத்தில் நின்று கையால் காற்றில் கிளறிக் காட்டுவாள். இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பது நின்றுவிட்டது. கொஞ்ச நாள் முயன்று பார்த்தாளாம். பிள்ளைகள் சிரித்தார்களாம். இப்போது சாயந்திரத்தில் அந்த வாசலில் செருப்பு கிடப்பதில்லை. எத்தனை நிமிஷம் முன்னால் தூக்கியிருந்தால் இது நேர்ந்திருக்காது என்று வேலூர் டாக்டரிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. ஒரு டீயின் நேரம் என்பது எவ்வளவு என்று மட்டும் தெரியும்.

போன மார்கழிக்கு முன்னால் அந்த வீட்டுக் குழாயைச் சுத்தம் செய்யப் போனேன். இப்போதெல்லாம் கூடத்து வழியாகத்தான் போகிறேன், வேண்டாமென்றாலும் விடுவதில்லை. மாமனார், "வாங்க, வாங்க" என்று மின்விசிறியைப் போட்டார். நான் கருவிப் பையோடு நேரே சந்துக்குப் போய்விட்டேன். ஏணியில் கால் வைத்தபோது அவள் எவர்சில்வர் டம்ளரோடு வந்தாள். அதே படியில் வைத்தாள்.

"வேலைய முடிச்சிட்டு குடிக்கறேம்மா" என்றேன்.

"இல்லண்ணா." அவள் ஏதோ வார்த்தையைத் தேடிக்கொண்டு நின்றாள். உதடு அசைந்தது, வரவில்லை, விட்டுவிட்டு வேறு பக்கமாக வந்தாள். "எனக்கு நெறைய மறந்துபோச்சி. அந்த நாளு காலையில என்ன நடந்துச்சின்னே தெரியாது. மொத நாளு மட்டும் நல்லா ஞாபகம் இருக்குது. நான் டீ போட்டு இங்கதான் வெச்சேன். நீங்க குடிக்காமலே போயிட்டீங்க. ஆறிப்போயி நான்தான் கீழ ஊத்தினேன். மறுநாளும் பாவம், எதுருவூட்ல குடுத்த டீயக் குடிக்காம எனக்காக ஓடியாந்தீங்களாமே."

நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்கு வராது. சந்தில் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் கேட்கிற நிலையில் இருந்தாள், நான் சொல்கிற நிலையில் இருந்தேன்.

அவள் டம்ளரை எடுத்து என் கையிலேயே கொடுத்தாள். "குந்துங்கண்ணா. இத குடிச்சிட்டு மெதுவா ஏறுங்க. அவசரம் ஒண்ணும் இல்லியே."

இல்லம்மா என்றேன். படியில் உட்கார்ந்து குடித்தேன். அவள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், நான் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்து முடித்தேன்.